லகுனா மாகாணம்: அருவியில் தொடங்கி வெந்நீரில் முடியும் பயணம்

பிலிப்பைன்ஸின் தலைநகரான மணிலாவுக்குத் தென்கிழக்கே, நாட்டின் மிகப் பெரிய ஏரியைத் தெற்கிலும் கிழக்கிலும் அணைத்தபடி கிடக்கிறது லகுனா மாகாணம். ஏரியின் பெயர் லகுனா டி பே. இந்தப் பெயரில் உள்ள ‘பே’ ஆங்கிலச் சொல் அன்று. கரையில் உள்ள ஓர் ஊரின் பெயர், உள்ளூரார் அதைப் ‘பா-எ’ என்றே ஒலிப்பார்கள். மணிலாவிலிருந்து பேருந்தில் வருபவர்களுக்கு முதலில் எதிர்ப்படுவது கலம்பா நகரின் வெந்நீர்க் குளங்கள் என்பதால், பெரும்பாலானோர் அங்கேயே இறங்கி ஓர் இரவு தங்கிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் சொல்லும் முறை இதற்கு நேர் எதிரானது. முதலில் கிழக்கே கடைசி வரை சென்று அருவிகளைப் பாருங்கள். படகிலும் மலைப்பாதையிலும் அலுத்த உடம்போடு மேற்கே திரும்பி, வெந்நீரைக் கடைசி இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மூன்று இரவுகள் போதும். இரண்டுக்குக் குறைந்தால் அவசரமாகிவிடும்.

காலத்தைத் தேர்வதில்தான் முதல் கவனம் வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. அவற்றுள்ளும் ஜனவரியும் பிப்ரவரியும் இதமானவை. ஜூனுக்குப் பிறகு மழையும் புயலும் வரும் மாதங்களில் அருவிகள் பெருகி அழகாக இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆற்றில் வெள்ளம் ஏறினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் மணிலா முழுவதும் இங்கே இறங்கிவிடுவது போன்ற கூட்டம் இருக்கும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2025 ஜூன் முதல் சில நிபந்தனைகளோடு 14 நாள் விசா இல்லா நுழைவு உண்டு. புறப்படுமுன் தூதரகத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வந்திறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் ‘இ-டிராவல்’ என்னும் அரசுத் தளத்தில் கட்டணமின்றிப் பதிவுசெய்ய வேண்டும்.

மணிலாவின் புவெண்டியா, குபாவ் பகுதிகளிலிருந்து ‘சான்டா குரூஸ்’ என்று பலகை மாட்டிய பேருந்துகள் புறப்படுகின்றன. சான்டா குரூஸ் மாகாணத்தின் தலைநகர். நெரிசலைப் பொறுத்து இரண்டரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அங்கிருந்து, அருவிக்குப் படகேறும் ஊரான பக்சங்ஹானுக்கு ‘ஜீப்னி’ என்னும் சிற்றுந்தில் சிறிது நேரப் பயணந்தான். கையில் சில்லறைப் பெசோ நோட்டுகள் இருக்கட்டும். ஜீப்னியில் பெரிய நோட்டை நீட்டினால் ஓட்டுநர் திண்டாடிப்போவார்.

பக்சங்ஹான் அருவிக்குச் செல்லும் படகுப் பயணமே இந்த மாகாணத்தின் தலையாய அனுபவம் என்பது என் கருத்து. நிர்வாக எல்லைப்படி அருவி பக்கத்து ஊரான காவின்டியைச் சேர்ந்தது; ஆனால் ஆற்றுவழியில் அதை அடையப் பக்சங்ஹானிலிருந்துதான் படகேற வேண்டும். ஒடுங்கிய படகில் முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இரண்டு படகோட்டிகள் இருப்பார்கள். அவர்களைப் ‘பாங்கேரோ’ என்பார்கள். ஆறு செங்குத்தான பாறைச்சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் துடுப்பு பயன்படாமல் போகிறது. இருவரும் பாறைக்குப் பாறை காலை ஊன்றி, எதிர்த்து வரும் நீரோட்டத்தின் மேல் படகை உந்தியும் தூக்கியும் ஏற்றுகிறார்கள். அந்த உழைப்பை அருகிலிருந்து பார்த்தவர்கள் படகோட்டியிடம் கூலியைக் குறைத்துப் பேச மாட்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கைகளையும் விரல்களையும் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டாமல் உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் படகு பாறையோடு உரசும் இடங்கள் பல. மேலே சென்றதும், தனிக் கட்டணம் கொடுத்தால், மூங்கில் தெப்பத்தில் ஏற்றிக் கயிற்றைப் பிடித்து இழுத்து அருவித் திரைக்குப் பின்னாலுள்ள குகைக்குள் கொண்டுசெல்வார்கள். நீர் தலையில் விழும் கனம் எதிர்பார்த்ததைவிட அதிகம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியை நீர்புகா உறையில் இட்டுக் கட்டிக்கொள்வது அவசியம். உடை முழுவதும் நனையும்.

ஊருக்குள் நுழையும் சாலையிலேயே சிலர் உங்களை நிறுத்திப் படகு ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்லக்கூடும். அவர்களிடம் பணம் கொடுக்காமல், நகராட்சியின் சுற்றுலா அலுவலகத்தில் அன்றைய கட்டணத்தைக் கேட்டு, ரசீது பெற்றுக்கொண்டு, உயிர்க்கவசம் அணிந்த பிறகே படகில் ஏறுங்கள். காலை எட்டு மணிக்குமுன் போய்விட்டால் ஆறு அமைதியாக இருக்கும். கூடுமானவரை வார நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து ஊரான லும்பனைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு ஒன்று சொல்லாமல் நகர முடியவில்லை. அங்கே ஆற்றின் முகத்துவாரத்தில் 1989-இல் மணல் தோண்டியபோது ஒரு செப்பேடு கிடைத்தது. சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900 என்று காலம் பொறிக்கப்பட்ட அந்த ஏடு, ஒருவர் பட்ட பொன் கடன் தீர்ந்துவிட்டதாகச் சான்றளிக்கிறது. அது பொறிக்கப்பட்டிருக்கும் ‘காவி’ என்னும் பழைய ஜாவா எழுத்து, நம் பல்லவ எழுத்தின் வழிவந்தது. செப்பேடு இப்போது மணிலாவில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊர் திரும்புமுன் அதற்கு அரைநாள் ஒதுக்குவது தகும். லும்பன் இன்று கைப்பூந்தையலுக்குப் பெயர்பெற்றது, சட்டைத் துணி வாங்கலாம்.

இரண்டாம் நாள் மஹய்ஹய் ஊருக்கு ஏறுங்கள். 2,100 மீட்டருக்கும் மேல் உயர்ந்த பனஹாவ் மலையின் அடிவாரத்தில் தய்தய் அருவி இருக்கிறது. பக்சங்ஹான் அருவியின் ஆர்ப்பாட்டம் இங்கே இல்லை. மரநிழலில் ஒரு தெளிந்த குளம், அதில் விழும் குளிர்ந்த நீர், அவ்வளவுதான். நீர் நடுக்கும் அளவுக்குக் குளிராக இருப்பதால் சிறுவர்களை நெடுநேரம் விட வேண்டாம். பாசிபடிந்த கற்களில் செருப்பு வழுக்கும், பிடிமானமுள்ள காலணி வேண்டும். இறங்கும் வழியில் செருப்புத் தொழிலுக்குப் பேர்போன லிலியூவும், அதையடுத்து நக்கார்லனும் வரும். நக்கார்லனில் 1845-இல் கட்டிய நிலத்தடிக் கல்லறையைப் பார்த்துவிட்டு, ஏழு எரிமலைவாய் ஏரிகள் கொண்ட சான் பாப்லோவுக்கு ஜீப்னி பிடிக்கலாம். ஏழையும் பார்க்க முயல வேண்டாம். பான்டின் ஏரி ஒன்று போதும். அங்கே மூங்கில் தெப்பத்தில் அமர்ந்தே பகலுணவு உண்ணலாம்.

உணவைப் பற்றி ஒரு வார்த்தை: சைவ உணவு மட்டும் உண்பவர்கள் வெறுமனே ‘இறைச்சி வேண்டாம்’ என்று சொன்னால் போதாது. ‘பட்டிஸ்’ என்னும் மீன்சாறும் ‘பாகோஓங்’ என்னும் இறால் அல்லது மீன் விழுதும் காய்கறிக் குழம்பிலும் சேரும். அவற்றையும் பெயர் சொல்லி விலக்கச் சொல்லுங்கள்.

இனி வெந்நீர். கலம்பாவின் பான்சோல் பகுதியிலும் அதையடுத்த லோஸ் பான்யோஸ் நகரிலும் ஊற்றுகள் உள்ளன. லோஸ் பான்யோஸ் என்ற ஸ்பானியப் பெயருக்கே ‘குளியலிடங்கள்’ என்று பொருள். மழைநீர் மக்கிலிங் எரிமலையின் பிளவுகள் வழியே இறங்கி, அடியிலிருக்கும் வெப்பத்தால் சூடேறி மீண்டும் மேலெழுகிறது. இதே வெப்பத்தைக் கொண்டு 1979 முதல் மலையின் மறுபுறத்தில் மின்சாரமும் எடுக்கிறார்கள். பான்சோலில் குளத்தோடு கூடிய வீடுகளைப் பகலுக்கோ இரவுக்கோ வாடகைக்கு விடுவார்கள். முன்பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நீர் உண்மையில் ஊற்றிலிருந்து வருகிறதா, ஒவ்வொரு குழுவுக்கும் பழைய நீரை வடித்துப் புதிதாக நிரப்புகிறார்களா. தெளிவான விடை வராத இடத்தை விட்டுவிடுங்கள். பகல் வெயிலில் வெந்நீர் சுகப்படாது, இரவு ஒன்பதுக்கு மேலோ விடியற்காலையிலோ இறங்குவதே இன்பம். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் இறங்கலாம். இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மது அருந்தியிருந்தால் யாருமே இறங்கக் கூடாது.

ஏரியில் குளிக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சுமார் 900 சதுர கிலோமீட்டர் பரந்தும் சராசரியாக இரண்டரை மீட்டர் ஆழமே கொண்ட அந்த ஏரி, சுற்றியுள்ள நகரங்களின் கழிவையும் சுமக்கிறது. அதைக் கரையிலிருந்து பாருங்கள்: மூங்கில் கழி நட்டு வலைகட்டிய மீன் அடைப்புகளும் அவற்றிடையே ஊர்ந்துபோகும் படகுகளும் மாலை வெளிச்சத்தில் நெடுநேரம் பார்க்கத் தக்கவை.

திரும்பும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், மாலையில் மணிலா சாலை நகராது. திங்கள் விடியலுக்குமுன் புறப்படுவதே மேல். லோஸ் பான்யோஸில் இளநீர் வழுக்கையிட்டுச் சுடும் ‘புகோ பை’ என்னும் பண்டத்தை முதல் நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வலப்பக்கம் அமர்ந்தால் வீடுகளின் இடைவெளியில் ஏரியும், இடப்பக்கம் அமர்ந்தால் மக்கிலிங்கும் கலம்பா வரை கூடவே வரும்.