இறந்தோர் நாளுக்கு மெக்சிகோ போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அக்டோபர் பிறந்தால் ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். கேட்கிற கேள்விகள் எல்லாம் நான் இங்கே வந்த புதிதில் கேட்டவைதான். கல்லறையில் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்பது போன்றவற்றை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நவம்பர் 2 என்று மட்டும் குறித்துக்கொள்வது

காசைக் கரைக்கும் தவறு இதுதான். காலண்டரில் நவம்பர் 2 என்று பார்த்துவிட்டு, அன்று காலை வந்து இறங்குவார்கள்.

இறந்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார்கள் என்பது இங்கே நம்பிக்கை. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் வருவதில்லை. பொதுவாக நவம்பர் 1 குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. விபத்தில் போனவர்களுக்கு அக்டோபர் 28 என்று தனியாக வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. கல்லறையில் விளக்கேற்றி விழித்திருக்கும் இரவும் ஊருக்கு ஊர் மாறும். தெற்கே ஒஹாகா நகரை ஒட்டிய ஹோஹோகொத்லானில் அது அக்டோபர் 31. பாட்ஸ்குவாரோ ஏரியில் உள்ள ஹனிட்சியோ தீவில், புரேபெச்சா பழங்குடி மக்கள் நவம்பர் 1 இரவு உட்கார்ந்தால் எழுந்திருக்க விடிந்துவிடும். தலைநகரின் தென்கிழக்கு ஓரத்து மிஸ்கிக்கில் நவம்பர் 2 சாயங்காலம்தான் கல்லறை முழுக்க மெழுகுவர்த்தி எரியும்.

தெரிந்த பையன்கள் சிலர் இரண்டாம் தேதி காலையில் மெக்சிகோ நகரத்தில் இறங்கி, நேராக ஒஹாகாவுக்குப் பஸ் ஏறினார்கள். ஆறேழு மணி நேரப் பயணம். ஹோஹோகொத்லான் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தபோது உருகி உறைந்த மெழுகும் வாடின பூவும்தான் மிச்சம். அங்கிருந்து எனக்குப் போன் போட்டு, "அண்ணா, அடுத்த ஷோ எப்போ?" என்றான் ஒருவன். அந்த நேரத்தில் மிஸ்கிக் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருந்தது, காலையில் அவர்கள் இறங்கிய அதே நகரத்தில்! டிக்கெட் வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'ஷோ' என்ற வார்த்தையை நினைத்தால் இப்போதும் எரிச்சல்தான்.

முதலில் ஊரை முடிவு செய்யுங்கள், பிறகு அந்த ஊரின் இரவு எது என்று கேளுங்கள், அதன் பிறகு டிக்கெட். ஒஹாகா என்றால் அறையைப் பல மாதம் முன்பே பிடித்துவிட வேண்டும்.

தலைநகர ஊர்வலத்தைப் பழைய மரபு என்று நம்புவது

அது 2016-ல் தொடங்கியது. 2015-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் ஒன்றின் தொடக்கத்தில் அப்படியொரு ஊர்வலம் வரும். அதைப் பார்த்துத்தான் நிஜமாகவே நடத்த ஆரம்பித்தார்கள். வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும். முகத்தில் மண்டையோடு வரைந்துகொள்ளும் ஆசையை அங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள், கிராமத்துக் கல்லறைக்கு அந்த வேஷத்தோடு வேண்டாம்.

வெறுங்கையோடு போவது

பூவெப்லா மாநிலத்து வாக்கெச்சூலாவில், அந்த வருஷம் இறந்தவர்களுக்காக வீட்டுக்குள் வெள்ளைச் சாட்டின் துணியால் அடுக்கடுக்காகக் கூரைவரை பீடம் எழுப்புவார்கள். முன்பின் தெரியாதவரையும் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள். போகும்போது ஒரு மெழுகுவர்த்தியாவது கையில் இருக்கட்டும்.

பீடத்தில் மெழுகுவர்த்திக்கு நேர் மேலே காகிதத் தோரணம் கட்டுவது

எரியும்.

பூவை வட்டக் கோலமாகப் போடுவது

தண்ணீர், உப்பு, இறந்தவருக்குப் பிடித்த சாப்பாடு, மெஸ்கால் என்ற மது, சிகரெட் என்று ஓஃப்ரெண்டாவை, அதாவது இறந்தவருக்கு வைக்கும் பீடத்தை, பார்த்ததும் நம் ஆட்களுக்கு வீட்டுப் படையல் ஞாபகம் வந்துவிடும். அதில் தப்பில்லை, நாம் துலுக்க சாமந்தி என்கிற பூவுக்கே தாயகம் மெக்சிகோதான். ஆனால் அந்த ஞாபகத்தில், உதவி செய்கிறேன் என்று பீடத்துக்கு முன்னால் அழகாக ஒரு பூக்கோலம் போட்டுவிடுகிறார்கள். இங்கே அந்த இதழ்கள் வழி காட்டுவதற்கு. வாசலுக்கு வெளியே தொடங்கி, பீடத்தில் உள்ள இறந்தவர் படத்துக்கு முன்னால் வரை நீளமாகத் தூவ வேண்டும்.

கல்லறையில் ஃபிளாஷ்

அணைத்துவிடுங்கள். அந்தக் குடும்பத்தைக் கேட்டு, சரி என்றால் மட்டும் படம் எடுங்கள்.