ஊர் மருத்துவமனைக்குத் தேசிய தரச்சான்று பெறுவது எப்படி: புதிதாகப் பொறுப்பேற்கும் செவிலியர்களுக்கான செய்முறை விளக்கம்

"இந்த ஆண்டு நம் நிலையம் தரச்சான்றுக்குப் போக வேண்டும், அந்த வேலையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்" என்று மருத்துவ அலுவலர் சொல்லிவிட்டுப் போகும்போது, அதை எங்கே தொடங்குவது என்று பலருக்கும் விளங்குவதில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து ஊர்களில் பல ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றிய எனக்கும் முதல் முறை அப்படித்தான் இருந்தது. அன்று யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாகச் சொல்லித்தந்திருந்தால் பல மாத உழைப்பு வீணாகியிருக்காது என்பதால், செட்டிநாட்டின் சிறு மருத்துவமனைகளையும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் மனத்தில் வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

முதல் படி: எதற்கு விண்ணப்பிக்கிறோம் என்று தெரிந்துகொள்ளுதல்

விருது வேறு, தரச்சான்று வேறு. விருது என்பது மற்ற மருத்துவமனைகளோடு நடக்கும் ஓராண்டுப் போட்டி. தரச்சான்று என்பது ஒரு குறிப்பிட்ட அளவை எட்டிய எவருக்கும் கிடைப்பது. அந்த அளவை நாம் எட்டினால் போதும், பக்கத்து ஊர் நிலையம் எத்தனை மதிப்பெண் வாங்கியது என்பது நமக்குப் பொருட்டல்ல.

மத்திய சுகாதார அமைச்சகம் 2015 மே 15 அன்று தொடங்கிய காயகல்ப் திட்டம் விருது வகையைச் சேர்ந்தது. கட்டடப் பராமரிப்பு, துப்புரவு, கழிவு மேலாண்மை, தொற்றுத் தடுப்பு போன்றவற்றுக்கு மதிப்பெண் தரப்படுகிறது. மாவட்ட அளவில் சிறந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 2 லட்சம் ரூபாயும், 70 சதவீதத்தைக் கடந்த மற்ற நிலையங்களுக்கு 50,000 ரூபாய் ஊக்கத்தொகையும் திட்டத்தில் வகுக்கப்பட்டன. மருத்துவமனையின் எல்லாப் பணிகளையும் அளக்கும் தேசிய தர உறுதித் தரநிலைகள், அதாவது நாம் பேச்சில் என்.க்யூ.ஏ.எஸ். என்று சொல்வது, 2013இல் முதலில் மாவட்ட மருத்துவமனைகளுக்காக வந்து, பின்னர் சமுதாய சுகாதார நிலையங்களுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் விரிந்தது. பிரசவ அறைக்கும் மகப்பேறு அறுவை அரங்குக்கும் மட்டுமான லக்ஷயா 2017 டிசம்பரிலும், குழந்தைகள் நலச் சேவைக்கான முஸ்கான் 2021 செப்டம்பரிலும் தொடங்கப்பட்டன. அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ என்றால், மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் வழங்கும் என்.ஏ.பி.எச். வாரியத்தின் நுழைவுநிலைச் சான்று பொருத்தமாக இருக்கும். 50 படுக்கைகள் வரை உள்ள சிறு மருத்துவமனைகளுக்கு அங்கே தனித் தரநிலைகள் இருக்கின்றன.

அரசு நிலையம் என்றால் முதலில் காயகல்ப், அடுத்து என்.க்யூ.ஏ.எஸ். என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன். காயகல்ப்புக்காகச் செய்யும் துப்புரவு, தொற்றுத் தடுப்பு வேலைகளில் பெரும்பகுதி அடுத்த சான்றுக்கும் அப்படியே பயன்படும் என்பதோடு, கண்ணுக்குத் தெரியும் மாற்றம் சீக்கிரம் வருவதால் பணியாளர்களுக்கும் நம்பிக்கை பிறக்கும். இனி வரும் படிகள் என்.க்யூ.ஏ.எஸ். சான்றுக்கானவை.

இரண்டாம் படி: தரக் குழு

மருத்துவ அலுவலர் தலைமையில் செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்புநர், கிராம சுகாதார செவிலியர், தூய்மைப் பணியாளர் ஆகியோர் கொண்ட குழுவை எழுத்து மூலம் அமைத்து, மாதம் ஒரு முறை கூடி, பேசியதைக் கூட்டக் குறிப்பேட்டில் பதிவு செய்ய வேண்டும். தூய்மைப் பணியாளரைப் பெயருக்குச் சேர்த்துவிட்டுக் கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. எந்த வார்டில் எந்த வாளியில் ஊசி கலந்து கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவருக்கு நாற்காலி போட்டு முதலில் பேசச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: சுயமதிப்பீடு

இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான படி இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தரநிலைகள் எட்டுப் பெரும் பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன: வழங்கும் சேவைகள், நோயாளிகளின் உரிமைகள், கட்டடமும் ஆட்களும் கருவிகளும் மருந்துகளும், துணைச் சேவைகள், மருத்துவச் சேவைகள், தொற்றுத் தடுப்பு, தர மேலாண்மை, விளைவுகள். ஒவ்வொரு பகுதியும் தரநிலைகளாகவும், அவை அளவிடத்தக்க கூறுகளாகவும், அவையும் சரிபார்ப்புப் புள்ளிகளாகவும் பிரிகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளர் பிரிவு, உள்நோயாளர் பிரிவு, பிரசவ அறை, ஆய்வகம், தேசிய சுகாதாரத் திட்டங்கள், பொது நிர்வாகம் என்று பிரிவுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் முழுமையாக இருந்தால் 2, ஓரளவு இருந்தால் 1, இல்லையென்றால் 0 மதிப்பெண். மொத்தத்திலும், பிரிவுகள் ஒவ்வொன்றிலும் 70 சதவீதம் வேண்டும்; எட்டுப் பகுதிகளுக்கும் தனித்தனியே குறைந்தபட்ச அளவு உண்டு. ஆகவே பிரசவ அறையில் வாங்கும் 95ஐக் கொண்டு ஆய்வகத்தின் 50ஐ ஈடுகட்ட இயலாது.

மதிப்பீட்டாளர் நான்கு வழிகளில் உண்மையை அறிகிறார்: நேரில் பார்ப்பது, பணியாளரிடம் கேட்பது, பதிவேட்டைப் படிப்பது, நோயாளியிடம் கேட்பது. கை கழுவுதலை எடுத்துக்கொள்வோம். கழுவு தொட்டியில் ஓடும் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று பார்ப்பார். பணியிலிருக்கும் செவிலியரிடம் ஆறு நிலைகளையும் செய்துகாட்டச் சொல்வார். சோப்பும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 விநாடி, கைத்தேய்ப்புத் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி ஆகும். பயிற்சி எப்போது நடந்தது என்று பதிவேட்டில் தேடுவார். நோயாளியைத் தொடுவதற்கு முன், தூய்மை காக்க வேண்டிய செயலுக்கு முன், உடல் திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியின் சுற்றத்தைத் தொட்ட பின் என்ற ஐந்து வேளைகளையும் வரிசையாகச் சொல்ல முடிந்த செவிலியர், மதிப்பீட்டாளரின் கண்ணெதிரே இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுக் கை கழுவாமல் அடுத்தவரிடம் போனதை நான் கண்டிருக்கிறேன். ஒரே பொருளை நான்கு பக்கமும் திருப்பிப் பார்ப்பது அதனால்தான்.

சுயமதிப்பீட்டில் மதிப்பெண்ணை உள்ளதைவிட அதிகமாகப் போடாதீர்கள். செட்டிநாட்டில் கணக்கெழுதும் மரபு தெரியாத வீடு இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய காலத்தில் பேரேட்டில் நட்டம் வந்த வரியையும் அப்படியே எழுதி ஐந்தொகை எடுத்தார்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு எதைத் திருத்துவது என்பது அந்த வரியிலிருந்துதான் தெரிந்தது. நம் முதல் மதிப்பீடு 45 சதவீதம் என்றால் 45 என்றே எழுத வேண்டும்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுத வேண்டிய தாளில், வேலைச் சுமையால் அன்றைய மாலைப் பதிவையும் காலையிலேயே எழுதிவைத்துவிட்டோம். காலை பதினொரு மணிக்கு வந்த சக மதிப்பீட்டாளர் (இன்னொரு மருத்துவமனையிலிருந்து மதிப்பிட வருபவர்) அந்தத் தாளைக் கையில் எடுத்து, "மாலை நான்கு மணிக்கு 5 டிகிரி இருக்கும் என்று எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். அந்தப் புள்ளிக்கு 0 கிடைத்தது; அதைவிட, அதற்குப் பிறகு நாங்கள் காட்டிய எந்தப் பதிவேட்டையும் அவரால் முழுமையாக நம்ப முடியவில்லை. தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் வீரியம் குறையாது. அந்தத் தாள் குழந்தைகளுக்காக எழுதப்படுவது என்பதை அன்று நான் உணர்ந்த வருத்தம் இன்றும் இருக்கிறது.

நான்காம் படி: குறைகளை மூன்றாகப் பிரித்தல்

0 அல்லது 1 வாங்கிய புள்ளிகளை எல்லாம் எடுத்து, பணம் இல்லாமலே சரிசெய்யக்கூடியவை, நிலைய நிதியில் முடிபவை, மாவட்ட நிர்வாகத்திடமோ நன்கொடையாளரிடமோ கேட்க வேண்டியவை என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளரையும் முடிக்கும் தேதியையும் எழுதுங்கள். பதிவேடு, பயிற்சி, பெயர்ப்பலகை, பொருள்களை ஒழுங்காக அடுக்குதல் என முதல் வகையில்தான் பெரும்பாலான குறைகள் விழுகின்றன என்பது என் அனுபவம்.

நன்கொடை பற்றி ஒரு சொல். கோயிலும் ஊருணியும் பள்ளியும் கட்டிக்கொடுத்த ஊர்கள் இவை. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் திருவிழாவுக்கு ஊர் வரும்போது மருத்துவமனைக்கும் ஏதாவது செய்ய விரும்புகிறார்கள். பெயர் பொறித்த முகப்பு மண்டபத்தைவிட, முழங்கையால் திறக்கும் குழாய் பொருத்திய கழுவு தொட்டி, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், பிடிகம்பி வைத்த கழிப்பறை, பிரசவ அறைக்குத் தடையில்லா மின்சாரம் ஆகியவைதாம் தேவை என்று குறைப்பட்டியலையே அவர்களிடம் காட்டுங்கள். காட்டினால் புரிந்துகொள்கிறார்கள். நன்கொடையை நோயாளர் நலச் சங்கத்தின் கணக்கு வழியாகவே பெற வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் வரவேற்பறைக்கு ஏற்றுக்கொள்ளலாம். இரத்தமும் பனிக்குட நீரும் சிந்தும் பிரசவ அறைக்கு, இணைப்பு இடுக்குகள் குறைந்த, கிருமிநாசினியைத் தாங்கும் தரைதான் வேண்டும்.

ஐந்தாம் படி: தொற்றுத் தடுப்பும் கழிவும்

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி நிறங்களைப் பிரிப்பது இப்படி: இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும், நஞ்சுக்கொடியும், காலாவதியான மருந்தும் மஞ்சளில், குளுக்கோஸ் குழாய், ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை போன்ற நெகிழிப் பொருள்கள் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைக் கலனில், மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலக் குறியிட்ட பெட்டியில். பிரிக்க வேண்டியது கழிவு உண்டாகும் இடத்தில்தான், பின்கட்டில் உட்கார்ந்து அல்ல. 48 மணி நேரத்துக்கு மேல் கழிவைத் தேக்கிவைக்கக் கூடாது.

சிந்திய இரத்தத்தின் மேல் ஊற்றும் 1 சதவீத குளோரின் கரைசலை, 30 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 33 கிராம் என்ற கணக்கில் அன்றன்று கலக்க வேண்டும். செட்டிநாட்டு வெயிலில் திறந்துவைத்த பிளீச்சிங் மூட்டை சீக்கிரம் வீரியம் இழந்துவிடும். மூடிய டப்பாவில் நிழலில் வைத்து, கலக்கும் அளவைச் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

ஆறாம் படி: மருந்தும் அவசரமும்

முதலில் காலாவதியாவதை முன்னே அடுக்குங்கள். பெயரோ தோற்றமோ ஒத்திருக்கும் மருந்துகளைப் பிரித்து வையுங்கள். அவசர மருந்துத் தட்டை ஒவ்வொரு டூட்டி மாற்றத்திலும் எண்ணிக் கையெழுத்திடுங்கள். தீயணைப்பானை எல்லோரும் ஒரு முறையாவது கையில் எடுத்துப் பழக வேண்டும்.

ஏழாம் படி: நோயாளியின் உரிமை

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக வாழும் ஆச்சிகளும் ஐயாக்களும் எங்கள் நிலையங்களுக்கு நிறைய வருகிறார்கள். எந்த அறைக்கு எப்படிப் போவது என்ற பலகை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மாத்திரையை எப்போது எத்தனை போடுவது என்று வாயால் சொல்லி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்தச் சேவைக்கும் யாரும் பணம் கேட்கக் கூடாது என்ற அறிவிப்பும், புகார்ப் பெட்டியும், பெட்டி திறந்த தேதிகளின் பதிவும் அவசியம்.

எங்கள் ஊர்களில் மிகக் கடினமானது அந்தரங்கம் காப்பது. ஒரே வளவைச் சேர்ந்தவர்கள், பங்காளிகள், சம்பந்திகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் காத்திருப்பார்கள், "இன்னார் வீட்டு மருமகளுக்கு என்ன?" என்ற கேள்வி அன்பினால் வருவதுதான், ஆனாலும் பதில் சொல்லக் கூடாது. பரிசோதனைப் படுக்கைக்குத் திரை, ஆண் மருத்துவர் பெண்ணைப் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் பணியாளர், எச்.ஐ.வி., காசநோய், மனநலம் தொடர்பான பதிவேடுகளுக்குப் பூட்டு ஆகியவற்றை வைத்தே தீர வேண்டும். ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் நோயை உரக்கக் கேட்கும் பழக்கத்தை மாற்ற எங்களுக்கு ஆறு மாதம் ஆயிற்று.

எட்டாம் படி: அளந்து காட்டுதல்

வேலை செய்யும் முறைகளை எழுதி வைத்து, அதன்படி நடக்கிறதா என்று அகத்தணிக்கை செய்து, மருந்துச் சீட்டுகளைத் தணிக்கைக்கு உட்படுத்தி, நோயாளிகளின் கருத்துப் படிவங்களை மாதந்தோறும் தொகுக்க வேண்டும். எதில் குறைந்த மதிப்பெண் வந்ததோ அதை எடுத்துத் திட்டமிட்டு, செய்து, சரிபார்த்து, திருத்துங்கள். காத்திருக்கும் நேரம் அதிகம் என்று நோயாளிகள் சொன்னால், நீரிழிவு நோயாளிகளுக்குத் தனி நாள் ஒதுக்கிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் மீண்டும் அளக்கலாம். மதிப்பீட்டுக்கு முந்தைய சில மாதங்களின் தொடர்ச்சியான பதிவுகள் இல்லாமல் போனால் இந்தப் பகுதியில் தேற முடியாது. ஆகவே இதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஒன்பதாம் படி: மதிப்பீட்டு நாள்

மாவட்டத் தரக் குழுவும் மாநிலக் குழுவும் பார்த்து 70 சதவீதத்தை உறுதிசெய்த பிறகு, மாநிலத்தின் வழியாகப் புது தில்லிக்கு விண்ணப்பம் போகும். அதன்பின் வெளி மாநில மதிப்பீட்டாளர்கள் வருவார்கள். மொழிபெயர்க்க ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள், ஆனால் தூய்மைப் பணியாளரின் பதிலை அவரே சொல்லட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எந்த ஏட்டில் பார்ப்பேன் என்று காட்டினால் போதும். நோயாளிகளுக்கு அன்று மட்டும் தனி உபசாரம் செய்ய வேண்டாம். அவர்களிடமும் கேள்வி கேட்பார்கள்.

பத்தாம் படி: சான்று வந்த பிறகு

சான்று 3 ஆண்டுகளுக்குச் செல்லும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்பு மதிப்பீடு உண்டு. சான்றோடு வரும் ஊக்கத்தொகையில் 75 சதவீதத்தை நிலையத்தின் மேம்பாட்டுக்கும் 25 சதவீதத்தைப் பணியாளர்களுக்கும் செலவிடலாம் என்பது விதி. பணியாளர் பங்கைப் பிரிக்கும் கூட்டத்தில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மேம்பாட்டுப் பங்கைச் செலவிடும் முன், நான்காம் படியில் எழுதிய மூன்றாம் வகைக் குறைகளில் இன்னும் தீராதவற்றை வெளியே எடுத்து, முதல் கண்காணிப்பு மதிப்பீட்டுக்குள் முடிக்கத்தக்கதைத் தேர்ந்தெடுத்து, அதன் எதிரே ஒரு பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.