ஏலகிரி, ஜவ்வாது மலை ஏற 100 சிசி வண்டி போதும்

வேலூர்ப் பக்கத்தில் மலை ஏறுவதற்கென்றே பெரிய வண்டி வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 100 அல்லது 125 சிசி வண்டியே தாராளம். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் 40-க்கு மேல் போகப் போவதில்லை. அங்கே தேவை வேகம் இல்லை, இழுவை.

பழைய வண்டி வாங்கினால் குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள். டார்க் (எஞ்சினின் இழுவிசை) எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கிறது என்று பாருங்கள், குறைவான சுற்றில் கிடைத்தால் நல்லது. பின்னால் ஆள் ஏற்றிப் பாலத்து மேட்டில் ஓட்டிப் பார்த்தால் கிளட்ச் வழுக்குவது அங்கேயே தெரிந்துவிடும்.

மாற்ற வேண்டியது ஒன்றுதான்: செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட். முன்பக்கம் 14 பல் இருந்தால் 13 போடுங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறக்குறைய 8 சதவீதம் கூடும். உச்ச வேகம் சற்றுக் குறையும், சமவெளியில் பெட்ரோலும் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். தினமும் ஆற்காடு, ராணிப்பேட்டை என்று நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது வேண்டாம். பழைய செயினோடு புதுப் பல்லைச் சேர்க்காதீர்கள், சீக்கிரம் தேய்ந்துவிடும், செட்டாகவே மாற்றுங்கள். வாரன்டி இருக்கும் வண்டி என்றால் சர்வீஸ் சென்டரில் முதலில் கேளுங்கள்.

எஞ்சினைப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு அதற்கு இடம் தராது.

இறங்கும்போது எஞ்சினை அணைத்து உருட்டாதீர்கள், தயவுசெய்து. இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள். டிரம் பிரேக் சூடேறினால் பிடிக்காது.