சுகர் செலவு: கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைக்கிறோம்

எட்டு மாத்திரைதான் மிச்சம், பென்ஷன் வர இன்னும் பதினைந்து நாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் சரியாக வந்துவிடும். என் அம்மா ரொம்ப நாள் போட்ட கணக்கு இது. கணக்கில் பிழையில்லை, சுகர்தான் ஏறியது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள் மருந்தின் அளவைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்க வேண்டியது விலையை.

மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. சிட்டாகிளிப்டின் என்ற சுகர் மருந்தின் காப்புரிமை 2022இலும், இன்னொரு சுகர் மருந்தான எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தன. அதன்பின் பல கம்பெனிகள் அதே மருந்தைச் செய்ய, விலை சரசரவென்று இறங்கியது. இது தெரியாமல் பழைய சீட்டையே நீட்டிப் பழைய விலைக்கு வாங்குகிறவர்கள் நிறையப் பேர். மருந்தின் பெயரையே எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகம், 2025இல் வந்த முதல்வர் மருந்தகம் இரண்டிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021 முதல் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ‘அரசாங்க மாத்திரை கேட்காது’ என்று அதை வாங்கி அலமாரியில் அடுக்குவதில் அர்த்தமில்லை.

இதிலும் ஒரு ஆபத்து உண்டு. புது அட்டை வந்தபின் பழைய அட்டையையும் சேர்த்துப் போடுவது. பெயர் வேறு, மருந்து ஒன்று. கிளிமிப்ரைடு போன்ற மாத்திரையாக இருந்தால் லோ சுகரில் ஆளையே சாய்த்துவிடும்.

இன்சுலினில் செய்யும் தவறுதான் பெரிது. ஊசி போடும் பேனா கட்டுப்படியாகாமல் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் மாறுகிறவர்கள் உண்டு. மாறலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டு. பழைய வகை ரெகுலர் இன்சுலினைப் போட்டு அரைமணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். புதுவகை சிலவற்றைப் போட்டதும் சாப்பிட உட்கார வேண்டும். இதை மாற்றிச் செய்தால் அளவு சரியாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது சிரிஞ்சு. நம்மூர்க் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. பேனாவுக்குள் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். பேனா உடைந்துபோய், கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உடம்புக்குள் போவது 25 யூனிட். 40 குப்பிக்கு 100இன் ஆரஞ்சு மூடி சிரிஞ்சை எடுத்தால் இதற்கு நேர்மாறு: 20 கோட்டுக்கு வெறும் 8 யூனிட். கடையில் எது கொடுத்தாலும் மூடியின் நிறத்தைப் பார்த்து வாங்குங்கள். உடம்பில் இன்சுலின் சுரக்காத டைப் 1 வகை சுகர் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலினை ஓரிரு நாள் நிறுத்தினாலே உயிருக்கு ஆபத்து. கையில் காசில்லை என்றால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஃபிரிட்ஜ் இல்லையென்றால், ஈரமணல் போட்ட பெரிய பானைக்குள் சின்னப் பானையை வைத்து அதில் குப்பியை வைக்கலாம். வெயில் படும் ஜன்னலும் ஆகாது, ஃப்ரீசரும் ஆகாது. உறைந்துபோன இன்சுலின் குப்பைக்குத்தான்.

குளுக்கோமீட்டர் சலுகை விலையில் கிடைத்தது என்று நானும் ஒன்று வாங்கினேன். அப்புறம்தான் ஒவ்வொரு முறையும் ரத்தத்துளி வைக்கும் ஸ்ட்ரிப்பின் விலை தெரிந்தது. மீட்டர் ஒருமுறைச் செலவு, ஸ்ட்ரிப் ஆயுசுக்கும். அதை விசாரித்துவிட்டு மீட்டரை எடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து போடாதீர்கள், ஈரம் பட்டால் அளவு தப்பாகக் காட்டும்.

எண்பது டெஸ்ட் பேக்கேஜ் வேண்டாம். வேண்டியவை இவைதான்: மூன்று மாத சுகர் சராசரி (HbA1c), சிறுநீரில் புரதம், கிரியாட்டினின், வருஷம் ஒருமுறை விழித்திரை. இவற்றை விட்டுவிட்டு நாவல்கொட்டைப் பொடிக்கு மாதாமாதம் காசு கொடுப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பாதத்தைத் தினமும் பார்க்கக் காசே வேண்டாம். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பார்த்தால் போதும்.