பம்பு தண்ணீரை இழுப்பதில்லை: சக்‌ஷன் ஹெட் கணக்கைப் போடுவது எப்படி?

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. உடனே பலரும் ஹெச்.பி. கூடுதலான மோட்டாரை வாங்கி மாட்டிவிடுவார்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்தேன். சத்தம்தான் கூடியது.

ஏன் என்று புரிய ஒரு சின்ன சோதனை. பாட்டில் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு ஸ்ட்ராவைச் செருகி, பாட்டில் வாயைக் களிமண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு உறிஞ்சிப் பாருங்கள். ஒரு மிடறு வரும், அப்புறம் நின்றுவிடும். தண்ணீரை மேலே ஏற்றுவது நம் வாய் இல்லை. தண்ணீரின் மேல் அழுத்தும் காற்றுதான். வாய் செய்வதெல்லாம் ஸ்ட்ராவுக்குள் அழுத்தத்தைக் குறைப்பது. பம்பும் அதையேதான் செய்கிறது. தண்ணீர் உள்ளே வரும் அந்தப் பக்கத்துக்குப் பெயர் சக்‌ஷன், அங்குள்ள அழுத்தத்தைத் தண்ணீரின் உயரமாக மீட்டரில் சொல்வது ஹெட்.

அந்தக் காற்று எவ்வளவு உயரம் தள்ளும்? 1643-ல் இத்தாலிய விஞ்ஞானி டாரிசெல்லியின், மேல்முனை மூடிய குழாயில் பாதரசம் சுமார் 76 செ.மீ. நின்றது. பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம். பெருக்கினால் சுமார் 10.3 மீட்டர். கடல்மட்டத்தில் நம் கையிருப்பு இவ்வளவுதான். 1000 மீட்டர் உயரமான ஊரில் இது சுமார் 9.2 ஆகிவிடும். இனி செலவுகளை ஒவ்வொன்றாகக் கழிப்போம்.

முதல் செலவு, உயரம். தண்ணீர் மட்டத்திலிருந்து பம்பின் மையம் வரை அளக்க வேண்டும். புட் வால்விலிருந்து (தண்ணீருக்குள் குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வு) டேப்பைப் பிடிப்பவர்கள் நிறையப் பேர், அது தவறு. வால்வு எவ்வளவு ஆழத்தில் மூழ்கியிருந்தாலும் உயரக் கணக்கு மாறாது. பம்பு ஓட ஓட மட்டம் இறங்கும் என்பதால், அரைமணி நேரம் ஓடிய பிறகு அளப்பதே சரி. நம் உதாரணத்தில் 4.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். (தொட்டி பம்புக்கு மேலே இருந்தால் அந்த உயரம் செலவில்லை, வரவு. கூட்டிக்கொள்ளுங்கள்.)

இரண்டாவது, குழாயில் ஏற்படும் உராய்வு. குழாய், புட் வால்வு, பெண்டு எல்லாம் சேர்த்து 1.2 மீட்டர். இதில்தான் கஞ்சத்தனம் ஆகாது. அதே அளவு தண்ணீரை 2 இஞ்ச் குழாய்க்குப் பதிலாக ஒன்றரை இஞ்சில் எடுத்தால் உராய்வு ஏறக்குறைய நான்கு மடங்கு. பெரிய மோட்டார் எனக்கு உதவாததும் இதனால்தான்: தண்ணீர் வேகமாக ஓடினால் உராய்வும் ஏறும்.

மூன்றாவது, ஆவி அழுத்தம். அழுத்தம் இதற்குக் கீழே போனால் தண்ணீர் ஆவியாகிவிடும், அதனால் இவ்வளவை ஒதுக்கிவைக்க வேண்டும். 30 டிகிரி தண்ணீருக்கு 0.4 மீட்டர்தான். 80 டிகிரி என்றால் 5 மீட்டர் போய்விடும். சுடுதண்ணீர் பம்பைத் தொட்டிக்குக் கீழே வைப்பது இதற்காகத்தான்.

ஆக, 10.3 − 4.5 − 1.2 − 0.4 = 4.2 மீட்டர். இந்த மிச்சத்துக்குப் பெயர் என்.பி.எஸ்.எச். (நெட் பாசிட்டிவ் சக்‌ஷன் ஹெட்). பம்புக்கு எவ்வளவு மிச்சம் வேண்டும் என்பது தயாரிப்பாளர் தரும் வரைபடத்தில், நீங்கள் எடுக்கும் நீரளவுக்கு நேராக இருக்கும். 3 மீட்டர் என்றால் நமக்குக் கவலையில்லை. ஆனால் கிணற்றில் மட்டம் இன்னும் 1.5 மீட்டர் இறங்கட்டும், மிச்சம் 2.7 ஆகிவிடும். அப்போது இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) வாயில் தண்ணீர் குளிர்ந்தபடியே கொதித்துக் குமிழியாகும். அழுத்தம் கூடும் இடத்தில் குமிழிகள் உடையும். பம்புக்குள் ஜல்லியைக் கொட்டியது போலச் சத்தம் வரும். நாளடைவில் இம்பெல்லர் அரித்துப் பள்ளம் பள்ளமாகும். இதைத்தான் கேவிடேஷன் என்கிறார்கள்.

சத்தம் வந்தால் சக்‌ஷன் பக்க வால்வைத் தொடாதீர்கள். தண்ணீர் வெளியேறும் பக்கத்து டெலிவரி வால்வைக் கொஞ்சம் மூடுங்கள். நீரளவு குறையும், உராய்வும் பம்பின் தேவையும் சேர்ந்தே குறையும். நிரந்தரத் தீர்வு, பம்பைக் கீழே இறக்குவது அல்லது சக்‌ஷன் குழாயைப் பெரிதாக்குவது.

முடிந்தால் பம்பின் வாயருகே ஒரு வேக்குவம் கேஜ் மாட்டுங்கள். 1 மீட்டர் தண்ணீர் என்பது 73.5 மி.மீ. பாதரசம். நம் உதாரணத்தில் 4.5 + 1.2 = 5.7 மீட்டர், முள் 420 மி.மீ. பக்கம் நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் வடிகட்டியில் குப்பை சேர்ந்திருக்கும் அல்லது மட்டம் இறங்கியிருக்கும். முள் விழுந்து, தண்ணீரும் குறைந்தால் ஏதோ ஒரு ஜாயிண்டில் காற்று இழுக்கிறது.