இனிப்புப் பெட்டிக்குப் பதிலாக ஒரு பாட்டில் தீபாவளி லேகியம்: செய்முறை விளக்கம்

தீபாவளிக்கு முந்தின வாரத்தில் வீடு வீடாகப் போகும் இனிப்புப் பெட்டிகளில் பல, பிரிக்கப்படாமலேயே இன்னொரு வீட்டுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. நாம் கொடுத்த பெட்டியே ஊரைச் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்தாலும் வியப்பதற்கில்லை. விடியற்காலை எண்ணெய்க் குளியல் முடிந்ததும், பலகாரத்தில் கை வைப்பதற்கு முன்பே வாயில் போட்டுக்கொள்ளும் லேகியம் அப்படிக் கைமாறுவதில்லை. அன்றைக்கு அது தேவைப்படும் வீடுகள் ஏராளம். கிண்டுவதற்குத்தான் பலருக்கு நேரமோ துணிவோ இருப்பதில்லை. ஆகவே சில ஆண்டுகளாக உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் நான் கொடுத்து வருவது இதைத்தான். வெல்லப்பாகு வைத்துப் பழக்கமில்லாதவரும் செய்யக்கூடிய முறையில் இங்கே விளக்குகிறேன்.

சாமான்கள்

100 கிராம் கொள்ளும் 8 சிறு கண்ணாடி பாட்டில்களுக்குப் பின்வரும் அளவு போதும். சுக்கு 50 கிராம், தனியா 40 கிராம், ஓமம் 30 கிராம், சீரகமும் மிளகும் தலா 25 கிராம், திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை ஆகியவை தலா 10 கிராம் என மொத்தம் 200 கிராம் மருந்துச் சாமான் வேண்டும். இதற்கு இரு மடங்காக 400 கிராம் பாகு வெல்லம், 100 மில்லி நெய், 50 மில்லி நல்லெண்ணெய், 50 மில்லி தேன் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டு மருந்துக் கடைகளில் லேகியச் சாமான் மொத்தமாகக் கட்டிய பொட்டலமாகவே கிடைக்கும் என்றாலும், தனித்தனியாக வாங்கினால்தான் ஒவ்வொன்றையும் முகர்ந்தும் உடைத்தும் பார்த்து, பூச்சி அரித்ததை ஒதுக்க முடியும். சிலர் அதிமதுரமும் சேர்ப்பார்கள். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. யார் யார் வீட்டில் யாருக்கு என்ன உடல்நிலை என்று நமக்குத் தெரியாத நிலையில், பிறருக்குக் கொடுக்கும் லேகியத்தில் நான் அதைத் தவிர்த்துவிடுகிறேன்.

பொடி

ஐப்பசி பிறந்துவிட்டால் மழையை நம்பி எதையும் காய வைக்க இயலாது என்பதால், புரட்டாசி வெயிலிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. "சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு" என்பது வைத்திய வழக்கு. அதன்படி சுக்கின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுங்கள். சித்தரத்தையும் கண்டந்திப்பிலியும் கட்டை போன்றவை. அவற்றை அப்படியே மிக்ஸியில் போட்டால் பிளேடுதான் கெடும். ஆகவே சுக்கையும் இவற்றையும் இடிகல்லில் சிறு துண்டுகளாகத் தட்டி, ஒரு நாள் வெயிலில் காய வைக்க வேண்டும். மற்றவற்றை வெறும் வாணலியில் மணம் எழும்வரை மட்டும் சூடாக்குங்கள். நிறம் கருக்கத் தொடங்கினால் கசப்பு ஏறிவிடும். பிறகு எல்லாவற்றையும் அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் கப்பியை மீண்டும் அரைத்துச் சலியுங்கள். நாவில் நெருடும் லேகியத்தைக் குழந்தைகள் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள்.

கிண்டுதல்

பண்டிகைக்கு மூன்று, நான்கு நாள் முன்னதாகக் கிண்டினால் போதுமானது. பொடியை 300 மில்லி நீரில் கட்டியில்லாமல் கரைத்து அரை மணி நேரம் ஊற விடுங்கள். வெல்லத்தை 200 மில்லி நீரில் சூடாக்கிக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடி கனமான உருளியிலோ வாணலியிலோ ஊற்றிக் கொதிக்க வையுங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுக்கும் பதம் வந்தாலே போதும். கம்பிப் பதத்துக்குப் போகவே கூடாது. முதல் ஆண்டு அதிரசத்துக்கு வைப்பதைப் போலப் பாகைக் காய்ச்சிவிட்டேன். ஆறியபின் கரண்டியும் லேகியமும் ஒன்றாகவே தூக்க வந்தன. அப்படி இறுகிவிட்டால் சிறிது வெந்நீர் விட்டு, மிகச் சிறிய தீயில் இளக்கி, நெய் கூட்டிச் சரிசெய்யலாம்.

பாகில் ஊறிய பொடியைச் சேர்த்து, சிறு தீயில் அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருங்கள். கலவை கெட்டிப்படத் தொடங்கும்போது நல்லெண்ணெயையும், அது உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு நெய்யையும் சிறிது சிறிதாக விட்டு வாருங்கள். ஓரத்தில் நெய் கசிந்து, லேகியம் பாத்திரத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். சிறிதளவை எடுத்து ஆற வைத்து உருட்டிப் பாருங்கள். விரலில் ஒட்டாவிட்டால் அடுப்பை அணைத்துவிடலாம். ஆறும்போது மேலும் இறுகும் என்பதால், சற்று இளகலாக இருக்கும்போதே இறக்குவதுதான் பாதுகாப்பு. நன்றாக ஆறிய பிறகே தேனைச் சேருங்கள்.

பாட்டிலும் சீட்டும்

பாட்டில்களைப் பத்து நிமிடம் நீரில் கொதிக்க வைத்து, சுத்தமான துணிமேல் கவிழ்த்து, மூடிகள் உட்பட ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்துங்கள். லேகியம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடைத்து மூடினால், ஆவி மூடியில் நீராகத் தங்கிப் பூஞ்சை பிடிக்க வழிசெய்யும். மேலே ஒரு விரல் அகலம் இடம் விட்டு நிரப்புங்கள். நிறம் என்னவோ தார் போலத்தான் இருக்கும்; மூடியின்மேல் ஒரு சுங்குடித் துணித்துண்டு கட்டி, சிறிய ஓலைக் கொட்டானில் வைத்துவிட்டால் பார்வைக்குக் குறையிருக்காது.

ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அதில் சேர்ந்துள்ள சாமான்களின் பெயர்கள், கிண்டிய தேதி, பெரியவர்களுக்குச் சிறு நெல்லிக்காய் அளவு, சிறுவர்களுக்குச் சுண்டைக்காய் அளவு என்ற குறிப்பு ஆகியவை இருக்கட்டும். தேன் சேர்ந்திருப்பதால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தரக்கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வெல்லம் இருப்பதைச் சர்க்கரை நோயாளிகள் கவனிக்கவும், கருவுற்றவர்கள் மருத்துவரைக் கேட்டு உண்ணவும் ஒரு வரி சேர்க்கலாம். ஈரமற்ற கரண்டியையே பயன்படுத்தி, குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடும்படியும் நான் எழுதுவதுண்டு.

கொடுப்பதற்கு உரிய நேரம் முந்தின நாள் மாலைதான். எண்ணெய், சீயக்காய், புதுத்துணி ஆகியவற்றை மறுநாள் காலைக்காக எடுத்து வைத்திருக்கும் வேளையில் போய்ச் சேர்ந்தால், பாட்டில் அலமாரிக்குள் ஒதுங்காமல் அவற்றின் பக்கத்திலேயே இடம்பிடித்துவிடும்.