நிவாரணப் பணியில் யாருக்குப் பதில் சொல்வது? தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேரிடர் நிவாரணத்தில் இறங்கும் தொண்டு நிறுவனத்திடம் "நீங்கள் யாருக்குப் பதில் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால், பெரும்பாலும் தணிக்கை அறிக்கையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எவ்வளவு பணம் வந்தது, எத்தனை போர்வை கொடுத்தோம், எல்லாம் அதில் இருக்கும். தேவையான அறிக்கைதான். ஆனால் அது பணம் கொடுத்தவருக்கான பதில். போர்வையை வாங்கிக்கொண்டவருக்கு யார் பதில் சொல்வது? இந்தக் கேள்வியை விட்டுவிடுவதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து கிளைப்பவை.

இந்தக் கேள்வி உரக்க எழுந்தது 1994 ருவாண்டா இனப்படுகொலைக்குப் பிறகு. லட்சக்கணக்கானோர் எல்லை தாண்டி, அன்று ஜயர் என்றிருந்த (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கோமா நகருக்கு ஓடிவந்தார்கள். காலராவும் வயிற்றுப்போக்கும் பரவி, சில வாரங்களில் ஏறக்குறைய 50,000 பேர் இறந்தார்கள். உதவ வந்த அமைப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றில் சில போதிய அனுபவமோ திறனோ இல்லாமல் வந்தவை என்று பல நாடுகளும் அமைப்புகளும் சேர்ந்து நடத்தி 1996-ல் வெளியிட்ட கூட்டு மதிப்பீடு சொன்னது. ஓடிவந்தவர்களோடு கலந்திருந்த, கொலைகளில் ஈடுபட்டவர்களே முகாம்களை ஆட்டிவைத்து, நிவாரணப் பொருளையும் திசைதிருப்பினார்கள். அந்த அதிர்ச்சியில்தான் 1997-ல் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்பியர் திட்டமும், நிவாரண அமைப்புகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்பதற்கான அல்னாப் வலையமைப்பும் பிறந்தன.

சரி, தரங்கள் வந்துவிட்டன. உடனே அடுத்த தவறும் வந்தது: எண்ணைப் பிடித்துக்கொண்டு தரத்தை விட்டுவிடுவது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பவை ஸ்பியர் கையேட்டின் பிரபலமான அளவுகள். கழிப்பறைகளைக் கட்டி, எண்ணி, அறிக்கையில் போட்டுவிடலாம். விளக்கும் உள்தாழ்ப்பாளும் இல்லாததால் இருட்டிய பிறகு பெண்கள் அந்தப் பக்கமே போவதில்லை என்பது அறிக்கையின் எந்தக் கட்டத்திலும் ஏறாது. பாதுகாப்பாகப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதுதான் அங்கே தரம்; 20 என்பது அதை அளக்க உதவும் ஒரு குறி மட்டுமே. 'எத்தனை கட்டினோம்' என்பதோடு நிற்காமல் 'யார் பயன்படுத்தவில்லை, ஏன்' என்றும் கேட்டால் இந்தத் தவறு பாதி குறைந்துவிடும்.

புகார்ப் பெட்டி இன்னொரு கதை. அலுவலக வாசலில் ஒன்றை மாட்டிவிட்டு, மாதக் கடைசியில் திறந்து, காலியாக இருந்தால் 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதுவார்கள். எழுதத் தெரியாதவர் அதில் என்ன போடுவார்? பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் மீதே புகார் என்றால்? காலிப் பெட்டி நிம்மதி தரக்கூடாது, சந்தேகம் தர வேண்டும். நேரில் பேசப் பெண் பணியாளர், தொலைபேசி எண், சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர் என்று பல வழிகள் வேண்டும். புகார் சொன்னவருக்கு என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று திரும்பப் போய்ச் சொல்வதும் வேண்டும். பல இடங்களில் விட்டுப்போவது இதுதான்.

தவறு தெரிந்த பிறகு பெயரைக் காப்பாற்றப் பார்ப்பது இன்னும் மோசம். ஹைட்டியில் ஆக்ஸ்பாம் என்ற பிரிட்டிஷ் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் சிலர் மீதான விசாரணை 2011-லேயே நடந்து, சிலர் வெளியேறவும் செய்தார்கள். அது பாலியல் முறைகேடு என்ற விவரம் 2018-ல் பத்திரிகைச் செய்தியாகத்தான் பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டு தொண்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் பிரிட்டனின் அறக்கட்டளை ஆணையம் அந்த நிறுவனத்துக்கு அதிகாரபூர்வ எச்சரிக்கை விடுத்தது.

வந்த பணத்தை எப்படியாவது செலவழித்துத் தீர்ப்பதும் தவறுதான். 2004 சுனாமிக்குப் பிறகு பணம் கொட்டியது. கடலுக்குத் தகுதியில்லாத படகுகள்கூட விநியோகமாயின. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போ சில நாட்களிலேயே 'எங்களுக்குப் போதும்' என்று சொல்லி, மீதியை வேறு நெருக்கடிகளுக்குத் திருப்ப நன்கொடையாளர்களிடம் அனுமதி கேட்டது. பணம் கொடுத்தவருக்குப் பதில் சொல்வதற்கும் இதைவிட நேர்மையான வழி இல்லை.

அப்புறம், 'கற்ற பாடங்கள்' என்ற அத்தியாயம். நெருக்கடிப் பணியில் ஆட்கள் சில மாதங்களில் மாறிவிடுவார்கள். மதிப்பீட்டு அறிக்கை வரும்போது பணியே முடிந்திருக்கும். அதனால்தான் ஒருங்கிணைப்புப் போதவில்லை, உள்ளூர் அமைப்புகளை ஓரங்கட்டினோம் என்ற வரிகள் அறிக்கைக்கு அறிக்கை அப்படியே திரும்ப வருகின்றன. மூன்றாவது முறையும் அதே வரி வந்தால் அதைக் கற்ற பாடம் என்று எழுத என் கை வராது.

பணி நடக்கும்போதே கற்க முடியும். 2014 மேற்கு ஆப்பிரிக்க எபோலா பரவலில், இறந்தவர் உடலிலிருந்தும் நோய் தொற்றும் என்பதால் பாதுகாப்பு உடையணிந்த குழுக்கள் உடல்களை எடுத்துப் போனதைக் குடும்பங்கள் எதிர்த்தன. சிலர் உடல்களை மறைத்தார்கள். அவர்களை அறியாமைக்காரர்கள் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் அந்த நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடும் சமய அடிப்படையிலான தொண்டு அமைப்புகளோடும் பேசி உடல்களை அடக்கம் செய்யும் நெறிமுறையை மாற்றியது. குடும்பத்தார் பாதுகாப்பான தூரத்தில் நிற்கலாம், பிரார்த்தனை செய்யலாம் என்றானது.

இப்படி நடக்க நன்கொடையாளர்களும் கொஞ்சம் மாற வேண்டும். தோல்வியை ஒப்புக்கொண்ட நிறுவனத்துக்கு அடுத்த நிதி கிடைக்காது என்றால், எந்த நிறுவனமும் வெற்றியை மட்டும்தான் எழுதும்.